வேலாயி வர வேண்டாம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே ஆங்கிலத்தில் கேட்டார்: "அந்தப் பெண்ணின் கால் எப்படி இருக்கிறது?"

எந்தப் பெண், எந்தக் கால் என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருடைய மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் கொழும்பில் இருந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். பங்களாவுக்குக்கூடப் போகாமல் நேரே ஆபீசுக்கு வந்திருக்கிறார் என்று சேறு படிந்த சப்பாத்தே சொன்னது.

"வேலாயி," என்றார். "கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கால் வீங்கி உட்கார்ந்திருந்தாளே. போகும்போது சீட்டு எழுதித் தந்தேன் அல்லவா? வீக்கம் வடிந்துவிட்டதா?"

நான் எழுந்து நின்றேன். வேலாயியும் அவள் புருஷனும் மூன்று பிள்ளைகளும் முந்தின நாள் காலையில் தோட்டத்தை விட்டுப் போயிருந்தார்கள். எதற்காகப் போனார்கள் என்று அந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது. அந்த நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

என் ஆங்கிலத்தின் பெருமை

இந்தத் தொடரை விடாமல் படிக்கிற ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். என் தவறுகளை எழுதும்போதெல்லாம் பகிடியாக்கிவிட்டு நைசாக நழுவிவிடுகிறேனாம். சரியாகத்தான் பிடித்திருக்கிறார். இந்த வாரம் நழுவப் போவதில்லை.

சுதந்திரம் கிடைத்த கையோடு நான் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குக் கிளாக்கராக வந்தேன். யாழ்ப்பாணத்துப் பெடியன், இருபத்திரண்டு வயது. ஆங்கிலத்தில் விசேட சித்தி பெற்றதற்கான சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வேட்டிகளுக்கு நடுவே சுற்றிப் பெட்டியில் கொண்டுவந்திருந்தேன். ஆபீஸ் சுவரில் மாட்டுவதாக உத்தேசம். அந்தச் சுவரின் ஈரத்தில் ஆணி நிற்கவில்லை. கடைசியில் அது என் கட்டிலுக்குக் கீழே பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. தலைக்கனம் மட்டும் பூஞ்சணம் பிடிக்காமல் இருந்தது.

அந்தச் சான்றிதழுக்கான பரீட்சையில் ஒரு கேள்வி இன்றும் ஞாபகம் இருக்கிறது. 'மஸ்ட் நாட்', 'நீட் நாட்' இரண்டையும் வைத்து வாக்கியம் எழுது, வித்தியாசத்தை விளக்கு என்று கேட்டிருந்தார்கள். 'மஸ்ட் நாட்' என்றால் செய்யக்கூடாது. 'நீட் நாட்' என்றால் செய்ய வேண்டியதில்லை. விரும்பினால் செய்யலாம், விட்டால் குற்றமில்லை. அழகாக விளக்கி முழுப் புள்ளியும் வாங்கினேன்.

பரீட்சைத் தாளில் எழுதினது ஒன்று. வாழ்க்கையில் 'வேண்டியதில்லை' என்று யார் பேசுகிறார்கள்? எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்' என்ற ஒரே சொல்தான். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா எனக்கு எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும் அது இருக்கும். "லீவு கிடைக்காட்டில் கஷ்டப்பட்டு வரவேண்டாம் மோனை" என்று எழுதுவா. வராதே என்றா அதற்கு அர்த்தம்? போய் நின்றால் படலைக்கே ஓடி வருவா. அந்தச் சொல்லை எங்கே கண்டாலும் எனக்கு அம்மாவின் குரலில்தான் கேட்கும்.

தோட்டத்து ஆட்களுக்கு அது வேறு குரலில் கேட்டது. இது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் மினக்கெடவில்லை.

துரையின் தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். துரைமாருக்குத் தமிழ் தெரியும். வா, போ, எடு, வை, சுருக்கா, பேசாதே. இவ்வளவுதான் அந்தத் தமிழ். அதில் ஏவலாம், திட்டலாம். இரக்கப்பட ஒரு சொல் கிடையாது. அதனால் எங்கள் துரை யாருக்காவது நல்லது செய்ய நினைத்தால் ஆங்கிலத்தில் சீட்டு எழுதி என் மேசையில் வைப்பார். நான் தமிழாக்கிக் கங்காணிக்கு அனுப்புவேன். மனுஷர் கெட்டவரில்லை என்பதை இந்தச் சீட்டுகளைப் படித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். ஆட்களுக்கு அந்த வழியும் இல்லை.

இரண்டு வரிச் சீட்டு

வேலாயி நாலாம் நம்பர் மலையில் கொழுந்து எடுப்பவள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். தோட்டத்தில் என் தமிழைக் கேட்டு முகத்துக்கு நேரே சிரித்த முதல் ஆள் அவள்தான். ஒருநாள் ஏதோ கேட்க வந்தவளிடம் "பிறகு வாங்கோ" என்று சொல்லிவிட்டேன். 'வாங்கோ'வை அவள் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயம் முழுவதும் கொண்டுபோய்ப் பரப்பிவிட்டாள். ஒரு மாதம் வரை என்னைக் கண்ட பிள்ளைகள் எல்லாம் "வாங்கோ, வாங்கோ" என்று கத்திவிட்டு ஓடின. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் குளிரிலும் மழையிலும் என்னை ஒரு மனுஷனாக மதித்துக் கேலி செய்ய ஒருத்தி இருந்தாள் என்று உள்ளுக்குள் சந்தோஷமும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை, முதுகில் கூடை நிறையக் கொழுந்தோடு இறங்கி வந்தவள், மழைத்தண்ணீர் ஓட வெட்டியிருந்த கானுக்குள் சறுக்கி விழுந்துவிட்டாள். நொண்டி நொண்டி மடுவத்துக்கு வந்து, கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, அங்கேயே ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள். அந்த நேரம் துரை வந்திருக்கிறார். அவளுடைய காலைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பேச அவரிடம் என்ன தமிழ் இருந்தது?

நேரே ஆபீசுக்கு வந்து ஒரு தாளைக் கிழித்தார். 'வேலாயி நீட் நாட் கம் டு ஒர்க்' என்று ஒரு வரி. கீழே கையெழுத்து. என் மேசையில் வைத்துவிட்டு அப்படியே கொழும்புக்குப் புறப்பட்டுவிட்டார். கால் வீங்கியதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஏதோ லீவு கொடுத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

தமிழில் எழுதினேன்: 'நாலாம் நம்பர் மலை வேலாயி வேலைக்கு வர வேண்டாம்.' எழுதிவிட்டுப் பார்த்தால் மொட்டையாக இருந்தது. ஆபீஸ் கடிதத்துக்கு ஒரு கம்பீரம் வேண்டாமா? கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: 'துரை உத்தரவு.'

அந்த இரண்டாவது வரியை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இந்த வயதிலும் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

திங்கட்கிழமை விடியற்காலை வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில், எல்லோரும் வரிசையாக நிற்கும்போது, கங்காணி அந்தச் சீட்டை உரக்க வாசித்தார். வேலாயியும் வரிசையில்தான் நின்றாளாம். வீங்கிய காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, கூடையோடு வந்திருக்கிறாள். கால் வலி என்று வீட்டில் இருக்க யார் விட்டார்கள்? அவள் கூடையைத் தலையிலிருந்து கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஆட்களுக்கு நடுவே நொண்டிக்கொண்டே திரும்பிப் போனாளாம். இதெல்லாம் பின்னால் கேட்டு அறிந்தது.

இன்னொன்றும் பின்னால்தான் தெரிந்தது. அதற்கு முந்தின மாதம், பக்கத்து டிவிசனில் ஒரு குடும்பத்தை வெளியேற்றியிருந்தார்கள். அன்றைக்கும் பெரட்டில் வாசித்தது இதே வாசகம்தான்: வேலைக்கு வர வேண்டாம். தோட்டத்தில் அதற்கு, பதிவேட்டிலிருந்து பேரை வெட்டுவது என்று பொருள். பேர் வெட்டினால் வேலை போகும்; பெண்சாதி பேரை வெட்டினால் புருஷன் பேரும் பின்னாலேயே போகும். வேலை போனால் லயத்தில் இருக்கிற ஒற்றை அறைக் காம்பராவும் போகும். பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்ற இடம் பத்து நாளில் அடுத்தவனுக்குப் போய்விடும்.

ஜன்னலுக்கு வெளியே

அன்று மத்தியானம் வேலாயியின் புருஷன் கருப்பண்ணன் ஆபீசுக்கு வந்தான். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன், அதிகம் பேசாதவன். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் ஜன்னலுக்கு வெளியே நின்றான். உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற வழக்கம் இல்லை.

"ஐயா, அந்தச் சீட்டுல வேற ஒண்ணும் எழுதலீங்களா?"

துரையின் சீட்டை எடுத்து இன்னொரு தரம் பார்த்தேன். "வேறை ஒண்டும் இல்லை. வேலைக்கு வர வேண்டாம் எண்டுதான் இருக்கு."

"எம்புட்டு நாளைக்கின்னு..."

"நாள் ஒண்டும் போடேல்லை."

எனக்கு அது நல்ல செய்தி. லீவுக்கு இத்தனை நாள்தான் என்று துரை கட்டுப்பாடு போடவில்லை என்று சொல்கிறேன். அவனுக்குக் கேட்டது என்னவென்று உங்களுக்குத் தெரியும். பிறகு "சரிங்க" என்றான். நான் வேலையில் மும்முரமாக இருப்பதாகக் காட்டிக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டேன். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்திருந்தால் போதும். அந்த ஒரு பார்வையைத்தான் நான் பார்க்கவில்லை.

துரையிடம் நேரே போய்க் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். துரையும் ஊரில் இல்லை. இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள். உத்தரவுக்குக் காரணம் கேட்டால் மிஞ்சியிருக்கிற பேரையும் அன்றைக்கே வெட்டுவார்கள் என்று பயம். லயத்தில் இருந்தவர்கள், கழுத்தைப் பிடித்துத் தள்ளுமுன் மரியாதையாகப் போய்விடுங்கள் என்றிருக்கிறார்கள். இந்தியாவில் துறையூர்ப் பக்கத்தில் கருப்பண்ணனுக்கு ஓர் அண்ணன் இருந்தான். கருப்பண்ணன் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. வேலாயியும் இந்த மலையில் பிறந்தவள்தான்.

கோழிகளைப் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுத்தார்கள். அம்மிக் கல்லை யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வாசலில் விட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை, தேயிலைப் பெட்டிகளைப் பதுளை ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போகிற லொறியில் அவர்களும் ஏறினார்கள்.

ஆபீஸ் வாசலில் லொறி நின்றபோது பார்த்தேன். பெட்டிகளுக்கு மேல் வேலாயி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் கடைக்குட்டி. "போயிட்டு வாறோங்க" என்று கும்பிட்டாள். கேலி ஒன்றும் செய்யவில்லை. லீவு கிடைத்ததும் சொந்தக்காரரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள், கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு நானும் கையை ஆட்டினேன்.

தந்தி

இதையெல்லாம் அன்று துரையிடம் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி உள்ளே வந்தார். நான் எழுதிய தமிழ்ச் சீட்டின் பிரதியை வாங்கிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதல்லவா, இதை ஆங்கிலத்தில் சொல் என்றார்.

என் சொந்த வாக்கியத்தை, அதன் கீழே இருந்த 'துரை உத்தரவு' என்பதோடு சேர்த்து, நான் முதல் தடவையாக ஆங்கிலமாக்கினேன். வாயில் வந்தது 'மஸ்ட் நாட்'.

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏசவில்லை. கிழட்டு மனுஷனைப் போல நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, லொறியை எடுத்துக்கொண்டு போ, எப்படியாவது நிறுத்து என்றார்.

பசறை வளைவுகளில் லொறி எப்படி ஓடியது, நான் எத்தனை தெய்வத்தைக் கூப்பிட்டேன் என்பதெல்லாம் ஞாபகமில்லை. பதுளை ஸ்டேஷனில் விசாரித்தால், அவர்கள் முந்தின நாள் மாலை ரயிலிலேயே போயாயிற்று. பொல்காவலையில் மாறித் தலைமன்னார் ரயில் பிடித்திருப்பார்கள். அன்று பின்னேரம்தான் இந்தியாவுக்குப் போகிற கப்பல். அதற்குள் தந்தி போய்விடும் என்றார்கள். தபால் கந்தோருக்கு ஓடினேன்.

தலைமன்னார்த் துறையில் உள்ள அதிகாரிக்குத் தந்தி எழுதினேன். 'கருப்பண்ணன் குடும்பம் மஸ்ட் நாட் லீவ்.' போகக்கூடாது. தந்தி அடிக்க இருந்தவர் நம்ம ஊர்க்காரர். வாசித்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"தம்பி, இப்பிடி அடிச்சால் பொலிசைக் கூப்பிட்டுப் பிடிச்சு வைப்பாங்கள். என்னத்தைக் களவெடுத்துக்கொண்டு ஓடினவை எண்டு கேப்பாங்கள். யோசிச்சு எழுதும்."

செய்தது போதாதென்று அவளைக் கூண்டில் வேறு ஏற்றுவதா? தாளைத் திரும்ப வாங்கி 'மஸ்ட்'டை வெட்டினேன். 'நீட்' என்று எழுதினேன். 'நீட் நாட் லீவ்.' போக வேண்டியதில்லை. இலக்கணம் இந்தத் தடவை அச்சுப் பிசகாமல் இருந்தது. நிம்மதியாகக்கூட இருந்தது எனக்கு.

இரண்டு நாள் பதிலுக்குக் காத்திருந்தேன். பதில் வரவில்லை. அவர்களும் வரவில்லை.

துறையூரிலிருந்து

நாலைந்து மாதம் கழித்து, இந்தியத் தபால்தலை ஒட்டிய கடிதம் ஒன்று என் பேருக்கு வந்தது. அந்த ஊர் வாத்தியார் ஒருவரைக் கொண்டு எழுதியிருந்தார்கள். வந்து சேர்ந்தோம், அண்ணன் வீட்டில் இருக்கிறோம், கடலைக் காட்டில் வேலை செய்கிறோம் என்று ஆரம்பித்தது. அந்தக் காலோடு ரயிலும் கப்பலும் ஏறி இறங்கி நடந்ததில் வேலாயிக்கு எலும்பு கோணலாகக் கூடிவிட்டதாம். இனி நொண்டல்தான் என்று சொல்லிவிட்டார்களாம்.

தலைமன்னார் பற்றியும் இருந்தது. அதை அப்படியே தருகிறேன்.

'கப்பல் ஏறுறப்போ ஒரு ஐயா பேரைக் கேட்டு கூப்பிட்டாருங்க. தோட்டத்துல இருந்து தந்தி வந்திருக்கு, நீங்க போகணும்னு கட்டாயம் இல்லைன்னு போட்டிருக்குன்னு சொன்னாரு. கட்டாயப்படுத்தலீங்க, நாங்களாத்தான் போறோம்னு சொல்லிட்டு ஏறிட்டோம். தோட்டத்துக்குக் கெட்ட பேரு வந்துறக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னோம்.'

அதற்கு மேல் படிக்க முடியவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே போனேன். நாலாம் நம்பர் மலையில் மூடுபனி இறங்கியிருந்தது. பெண்களின் பேச்சுச் சத்தம் மட்டும் கேட்டது, ஆட்கள் தெரியவில்லை. அங்கே நின்று அழுதேன். அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

மிச்சத்தை மறுநாள் துரையின் முன்னால்தான் வாசித்தேன். அது துரைக்கு வேலாயி சொல்லி எழுதச் செய்தது. தான் செய்த குற்றங்களை எல்லாம் யோசித்து யோசித்து வரிசையாகச் சொல்லியிருந்தாள். மழை நாளில் ஒரு தடவை முற்றின இலையைக் கூடைக்கு அடியில் போட்டிருக்கிறாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று, கங்காணியிடம் சொல்லாமல் வெள்ளனே லயத்துக்குப் போயிருக்கிறாள். கிளாக்கரய்யா பேசுவது போலப் பேசிக் காட்டிச் சிரித்திருக்கிறாள். கடைசியாக இப்படி இருந்தது:

'அன்னைக்கு மடுவத்துல துரை வந்தப்போ கால் வலியில எந்திரிக்காம உக்காந்திருந்துட்டேன். துரை காலையே பாத்துக்கிட்டு நின்னாரு. அதுக்குத்தான் கோவம்னு நெனைக்கிறேன். மன்னிச்சுக்கிட்டா திரும்பி வந்துடுறோம். வரலாங்களா?'

வாசித்து, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு ஒவ்வொரு வாக்கியமாக மாற்றிச் சொன்னேன். ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. துரை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். முடித்த பிறகும் திரும்பவில்லை.

அவர் கொழும்புக்கு இரண்டு மூன்று தடவை எழுதிப் பார்த்தார். அந்தக் கடிதங்களை நான்தான் தட்டச்சு செய்தேன். அப்போது புதுக் குடியுரிமைச் சட்டங்கள் வந்துகொண்டிருந்த நேரம். இங்கிருந்து போகிறவர்களை யாரும் தடுக்கவில்லை. திரும்பி வருகிறவர்களிடம் பத்திரம் கேட்டார்கள். கருப்பண்ணனிடம் என்ன பத்திரம் இருந்தது? அவன் இந்த மண்ணில் பிறந்ததற்குச் சாட்சி அந்த மலைதான். வர அனுமதி இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் இருந்த 'மஸ்ட் நாட்'டை நான் இரண்டாம் தடவை பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அவர்களுக்கு நான் உடனே பதில் எழுதவில்லை. துரை எழுதச் சொல்லியும் ஒரு மாதத்துக்கு மேல் கடத்தினேன். வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், கோழைத்தனம். துரைதான் பேரை வெட்டினார் என்று அவர்கள் நம்பிக்கொண்டிருக்கும் வரை என் தலை தப்பியிருந்தது.

கடைசியில் எழுதினேன். துரை பேரை வெட்டவில்லை. காலைப் பார்த்து மனம் பொறுக்காமல், ஆறும் வரை வீட்டில் இருக்கட்டும் என்று லீவு கொடுத்தார். அதைத் தமிழில் எழுதியவன் நான். பிழை என்னுடையது. வேலாயி ஒரு குற்றமும் செய்யவில்லை. இப்போது திரும்பி வரச் சட்டம் விடாது. இவ்வளவையும் வாசிக்கிற வாத்தியார் மயங்காதபடி, சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினேன்.

பதிலாக ஒரு தபால் அட்டை வந்தது. அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லை.

'ஐயாவுக்குக் கருப்பண்ணன் எழுதிக்கொண்டது. லெட்டர் கெடச்சுது. வாத்தியாரு வாசிச்சாரு. வேலாயி ரெண்டாந்தரமும் வாசிக்கச் சொல்லிக் கேட்டா. அப்போ தோட்டத்துல என்னைய வேணாம்னு சொல்லலியான்னு கேட்டா. இல்ல புள்ள, சொல்லலன்னேன். கப்பல் ஏறுனதுல இருந்து அவ ஒரு நாளும் அழுததில்லீங்க. அன்னைக்குத்தான் அழுதா.'